வெர்லீன் வடக்கே வெல்டிங் வைத்த கதை

மிசிசிப்பிக் கடற்கரையில் எங்கள் கப்பல் பட்டறையில் மிஸ் வெர்லீனை மிஞ்ச ஆள் கிடையாது. சும்மா சொல்லவில்லை, பன்னிரண்டு வருஷம் அவருக்குப் பக்கத்தில் நின்று வெல்டிங் வைத்தவன் நான். ஐம்பது வயது, ஐந்தடி உயரம், வாய் மட்டும் ஏழடி. போன புயலில் அவர் வீட்டுக் கூரை பறந்தது. அங்கே இன்னும் நீலத் தார்ப்பாய்தான் கிடந்தது. மணிக்கு இருபத்தாறு டாலரில் கூரைவரைக்கும் பணம் எட்டவே இல்லை.

ஒருநாள் மதியச் சாப்பாட்டில் சம்பளப் பேச்சு வந்தது. டெக்சஸில் முப்பத்தைந்து என்றான் ஒருவன். வடக்கு டகோட்டாவில் நாற்பதுக்கு மேல் என்றான் இன்னொருவன். அலாஸ்காவுக்குப் போன எங்கள் பழைய கூட்டாளி அந்த நேரம் பார்த்துப் போன் செய்து, அங்கே குழாய் வெல்டருக்கு ஐம்பத்தெட்டு, சாப்பாடும் படுக்கையும் இலவசம் என்றான். மிஸ் வெர்லீன் கடித்துக்கொண்டிருந்த கோழிக்காலைக் கீழே வைத்தார்.

“அங்க என்ன, இரும்பு வேற இரும்பா? நெருப்பு வேற நெருப்பா?”

“குளிருதான் வேற குளிராம், மிஸ் வெர்லீன்.”

“அதுக்கு ஸ்வெட்டர் இருக்குடா ஓடெல்லு. கிளம்பு!”

மேஸ்திரி லீவு தரவில்லை. போவதானால் வேலையை விட்டுவிட்டுப் போ என்றார். மிஸ் வெர்லீன் வேலையை விட்டார், ரோஷத்தில் நானும் விட்டேன். டிக்கெட் ஒருவழிக்குத்தான் எடுத்தோம். அங்கே தேறாவிட்டால் இரண்டு ஊரிலும் வேலை இல்லை. விமானத்தில் நான் கையிலிருந்த பணத்தைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். அவரோ முழு வழியும் புதுக் கூரைக்கு என்ன நிறம் என்று யோசித்துக்கொண்டே வந்தார்.

எங்கள் தொழிலில் பரீட்சைக்குப் பேப்பர் கிடையாது. ஒட்டச் சொல்லி இரண்டு குழாய்த் துண்டும் மூன்று மணி நேரமும் தருவார்கள். நாம் ஒட்டிய இடத்தை நான்கு பட்டையாக அறுத்து, இயந்திரத்தில் லாடம் மாதிரி வளைப்பார்கள். விரிசல் விட்டால் பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். நாமும் காரணம் சொல்லக் கூடாது, யாரும் ஆறுதல் சொல்லவும் மாட்டார்கள்.

அலாஸ்காவில், ஃபேர்பேங்க்ஸ் ஊரில் பரிசோதகர் இங்வால்ட் என்ற கிழவர். வெளியே பனியில் கிடந்த குழாய்களை உள்ளே உருட்டிவந்து ஆளுக்கு இரண்டு துண்டு கொடுத்தார். அறையின் கதகதப்பில் குழாய் முழுக்க ஈரம் கோத்தது. எங்கள் ஊரில் தினமும் காலையில் இரும்பு நனைந்துதான் கிடக்கும். துணியால் ஒரு துடை துடைத்தால் போதும், மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். அதே பழக்கத்தில் இரண்டு பேரும் துடைத்துவிட்டு ஆரம்பித்தோம்.

பாதி நேரம் போயிருக்கும். எங்கள் இருவருக்கும் நடுவே தொங்கிய திரைக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் அலறியது. எட்டிப் பார்த்தால், மிஸ் வெர்லீன் தான் வைத்த வெல்டிங்கைத் தானே தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார்!

“என்ன பண்றீங்க? நேரம் போவுது!”

“பைப்பு அழுவுதுடா! துடைக்கத் துடைக்க அழுவுது. உள்ள இன்னும் பனிக்கட்டியாட்டம் இருக்கு. ஈரத்துல வச்சா விரிசல்தான். நீயும் நிறுத்து, சூடு காட்டிட்டு வை!”

“நான் முக்கால்வாசி முடிச்சிட்டேன்.”

“முடிச்சு கிழிச்ச!”

நான் நிறுத்தவில்லை. அவர் தீ கக்கும் பெரிய கேஸ் டார்ச்சை எடுத்துக் குழாயைச் சுற்றிச் சுற்றிச் சூடேற்றினார். பிறகு எழுதுவதுபோலக் கை ஓடியது. மேல்பக்கம் முடிந்ததும் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார். பொறி கழுத்துக்குள் விழ, வாயில் வந்த வசவெல்லாம் வைதுகொண்டே அடிப்பக்கத்தை ஒட்டினார். நான் முடித்துவிட்டுக் கடிகாரத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தேன். நேரம் முடிந்தது என்று இங்வால்ட் கையை உயர்த்தவும் இவர் முகமூடியைத் தூக்கவும் சரியாக இருந்தது.

முதலில் என் பட்டை. இயந்திரம் அழுத்தியதும் படீரென்று வெடித்தது. வழக்கப்படி நான் அப்போதே போயிருக்க வேண்டும். போக மனசு வரவில்லை, பையோடு கதவோரம் நின்றேன்.

அவருடைய முதல் பட்டை வளைந்தது. இரண்டாவதும் வளைந்தது. மூன்றாவதும்! நான்காவதில் சின்னதாக ஒரு புள்ளி தெரிந்தது. இங்வால்ட் அதை வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். புள்ளி உதிர்ந்தது. வெறும் கரி.

“நாளைக்குக் காலையில வேலைக்கு வந்துடுங்க, மேடம். ஐம்பத்தெட்டு.”

நான் தோற்றதே மறந்துபோய்க் குதித்தேன். மிஸ் வெர்லீன் போட்ட சத்தத்தில் பக்கத்து ஷெட்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். இங்வால்டைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். அந்தக் கிழவரும் சிரித்துவிட்டார்.

பிறகு மிஸ் வெர்லீன், இன்னும் சூடு ஆறாத அந்தப் பட்டையைக் கையுறையில் ஏந்தியபடி பெஞ்சில் உட்கார்ந்தார். சிரிப்பு மெல்ல நின்றது.

“ஓடெல்லு, நம்ம ஊர்ல நான் தினமும் வச்சதும் இதே வெல்டிங்தானடா?”

“இதேதான், மிஸ் வெர்லீன்.”

“அப்போ மிச்ச முப்பத்திரண்டு டாலரை இத்தனை வருஷமா யாருடா எடுத்துட்டுப் போனது?”