எள்ளு சாதமும் பச்சை மாத்திரையும்

கவிதா, அருண், பல் விளக்கும்போது உங்கள் அப்பாவான எனக்கு ஈறில் ரத்தம் வந்ததை உங்களிடம் சொல்லவில்லை. பயம் தீர்ந்துவிட்டதால் இப்போது எழுதுகிறேன்.

இதயத்துக்காக, ரத்தம் கட்டாமலிருக்க நான் மாத்திரை சாப்பிடுவது உங்களுக்குத் தெரியும். கால் இழுக்கிறது என்றதும் கிள்ளை ஊரில் இருக்கும் உங்கள் மாமா, "வைட்டமின் ஈ, வெறும் சத்து மாத்திரை மச்சான், ஒண்ணும் பண்ணாது" என்று உள்ளே எண்ணெய் அடைத்த பச்சை மாத்திரைகள் கொடுத்தார். தினமும் போட்டேன். ஏழரைச் சனிக்காக வேண்டிக்கொண்டு தினமும் எள்ளு சாதமும் சாப்பிட்டேன்.

ஈறில் ரத்தம் நிற்காததால் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் போய் என் டாக்டரைப் பார்த்தேன். பச்சை மாத்திரையையும் எள்ளு சாதத்தையும் பற்றிச் சொன்னேன். அவர் ரத்தத்தைச் சோதித்தார்.

"ரத்தம் உறையவே நேரமாவுது. நல்லவேளை, வந்துட்டீங்க."

"எள்ளு சாதமா காரணம்?"

"எள்ளுல இருக்குற சில பொருள், வைட்டமின் ஈ உடம்புல சிதையிறத மெதுவாக்கும். சாப்பாட்டு அளவுல பயமில்ல. இந்தப் பச்சை மாத்திரையும் ரத்தம் உறையிறதக் குறைக்கும்; ரத்தம் கட்டாம இருக்குற மாத்திரையோட அத நீங்களா சேத்ததுதான் தப்பு. சனி மேல பழி போடாதீங்க."

பச்சை மாத்திரையை நிறுத்தினேன். மறுசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. இப்போது சத்து மாத்திரை என்றாலும் டாக்டரிடம் காட்டாமல் வாயில் போடுவதில்லை. எள்ளு சாதம் சனிக்கிழமை மட்டும்.

நீங்கள் பள்ளிக்குப் போனபின், மீதி மாத்திரைகளை ஊசியால் குத்தி, கிறீச்சிடும் நம் கேட்டின் கீலில் பிழிந்துவிட்டேன். திறந்து மூடிப் பார்த்தேன். சத்தமில்லை.