கழுத்துப் பித்தான்

அந்தக் கறுப்புக் கம்பளிக் கோட்டில் கழுத்துப் பித்தான் மட்டும் சிவப்பு நூலால் தைக்கப்பட்டது. மற்றவை எல்லாம் கறுப்பு நூல். தேக்காச் சந்தையில் வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்திலும் கம்பளிக் கோட்டோடு நடக்கிறவர் அவர் ஒருவர்தான் என்பதால், கடைக்காரர்கள் அவரைக் கண்டால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்தப் பித்தான் எப்படி அறுந்தது, யார் அதைத் திரும்பத் தைத்தார் என்பது எனக்குத் தெரியும்.

கூலியாட்களின் தலைவர் என்ற பொருளில் அவரை அன்றும் இன்றும் மண்டோர் என்றே அழைக்கிறார்கள். சிராங்கூன் சாலையில் மாட்டுவண்டிகள் வைத்திருந்தார். எந்த வேலைக்கும் ஆள் பிடித்துக் கொடுப்பவரும் அவர்தான். அவருக்குப் பிடிக்காதவனுக்கு அந்தச் சாலையில் வேலை கிடைக்காது. நான் இளைஞனாக இருந்தபோது, வெள்ளைக்காரப் பயாஸ்கோப் கம்பெனி ஒன்று கப்பலில் வந்து இறங்கியது. பனி மலையில் வழி தவறியவர்களின் கதை ஒன்றை அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேசும்போது வாயிலிருந்து புகை வருவது படத்தில் தெரிய வேண்டும் என்று படம் பிடிக்கும் துரை பிடிவாதம் பிடித்ததால், இறைச்சி வைக்கும் குளிர்க் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து, உள்ளே ஐஸைச் சீவிக் கொட்டிக் குளிர்காலம் செய்தார்கள். ஆட்களை மண்டோர் கொண்டுவந்தார். துரை பேசுவதைத் தமிழிலும் ஆட்கள் பேசுவதை ஆங்கிலத்திலும் சொல்லும் துபாஷி வேலை எனக்கு.

நடிப்பவர்களுக்கு ரோமத் தொப்பியும் கையுறையும் இருந்தன. எங்கள் ஆட்களுக்கென்று கம்பெனி கொடுத்தது ஒரே ஒரு கோட்டு. உள்ளே நிற்பவர்கள் முறை வைத்து மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று துரை சொன்னதை எல்லோர் முன்னிலையிலும் தமிழில் சொன்னேன். கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்ட மண்டோர் அதைக் கழற்றவே இல்லை. வெளியே வெயிலில் உட்கார்ந்து வெற்றிலை போடும்போதும் அது அவர் உடம்பில்தான் இருந்தது. முறை என்னவாயிற்று என்று கேட்டேன். "பேனா புடிக்கிறவனுக்குக் கோட்டு எதுக்குலா? வாய் நடுங்கினாத்தானே இங்கிலீஷ் வேகமா வரும்" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் மறுநாள் அவர்களுக்கு வேலை இல்லை.

அந்தக் கோட்டைத் தைத்தவரும் அங்கேதான் நின்றார். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த தையற்காரர். நாங்கள் நானா என்று அழைப்போம். நடிப்பவர்களின் உடுப்பு கிழிந்தால் உடனே தைக்க வேண்டும் என்பதால் அவரும் உள்ளேயே இருக்க வேண்டும். மெல்லிய ஜிப்பாவோடு, விரல்களை அக்குளில் செருகிக்கொண்டு நிற்பார்.

படப்பெட்டி நிற்கும் முக்காலியின் தலை பித்தளையால் ஆனது. அது சுழன்றால்தான் பெட்டி திரும்பும். ஒருநாள் அது கிறீச்சிட்டது. எண்ணெய் போடச் சொன்னார் துரை. மண்டோர் அதை முற்றத்துக்குத் தூக்கி வரச் செய்து, தம் வண்டிச் சக்கரங்களுக்குப் போடும் தேங்காயெண்ணெயைத் தம் கையாலேயே தாராளமாக ஊற்றினார். வெயிலில் அது வழுக்கிக்கொண்டு சுற்றியது. எங்களில் பாதிப் பேர் மார்கழிக் காலையில் ஊரில் எண்ணெய் உறைந்து கிடப்பதைப் பார்த்தவர்கள்தான். ஆனால் இந்த ஊரின் புழுக்கத்துக்குப் பழகிய பிறகு அது யாருக்கும் நினைவில்லை.

உள்ளே விளக்குகளை ஏற்றி, நடிப்பவர்களை ஐஸில் படுக்க வைத்து, துரை பெட்டியைத் திருப்பினார். அது அசையவில்லை. பித்தளையின் இடுக்கெல்லாம் மெழுகுபோல வெள்ளையாக அடைத்திருந்தது. யார் செய்தது என்று அவர் கத்தியதும், மண்டோர் பக்கத்தில் நின்ற நானாவைக் கை காட்டினார். "இந்தத் தையக்காரன் வேல. டேய், நீ போட்ட எண்ணெய நீயே உன் கைச்சூட்டுல உருக்கு." நானாவின் மணிக்கட்டைப் பிடித்து, உறைந்த பித்தளையின் மேல் அழுத்தினார். ஊசி பிடிக்கும் விரல்கள் அவை. "மண்டோர், ஒட்டுது, தோல் ஒட்டுது" என்றார் நானா. மண்டோர் விடவில்லை.

"என்ன சொல்கிறான்?" என்று மண்டோரைக் காட்டித் துரை என்னைக் கேட்டார். மண்டோர் சொன்னதைச் சொன்னபடியே ஆங்கிலத்தில் சொன்னேன். அதன்பின், இனி வருவது என் சொந்தப் பேச்சு என்று அறிவித்துவிட்டு, எண்ணெய் ஊற்றிய கை யாருடையது, கோட்டு யாருக்காகக் கொடுக்கப்பட்டது என்பதையும் சொன்னேன். துரை மண்டோரின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தார். பித்தான் தெறித்து ஐஸ் தூளில் விழுந்தது. கோட்டை உருவி நானாவின் மேல் எறிந்துவிட்டு, மண்டோரை வெளியே போகச் சொன்னார். நானாவின் விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்ததை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. விளக்கு வீணாக எரிகிறதே என்பதுதான் அவர் கோபம்.

முற்றத்தில் மண்டோர் எனக்காகக் காத்திருந்தார். "நான் சொல்லாதத எல்லாம் வெள்ளக்காரன்கிட்ட சேத்துச் சொல்லிட்ட. நீயெல்லாம் துபாஷியா? கோள்மூட்டி!"

"நீங்க சொன்னதையும் சொன்னேன். நான் பாத்ததையும் சொன்னேன்."

"எது என்னது, எது உன்னதுன்னு எனக்கு எப்படிலா தெரியும்?"

அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் அன்று சொன்னதில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறமாட்டேன்.

நானாவும் எனக்கு நன்றி சொல்லவில்லை. விரல்களில் துணி சுற்றியபடி, ஐஸில் தேடி எடுத்த பித்தானை மடியில் முடிந்துகொண்டிருந்தார். "கம்பெனி கப்பலேறிரும் தம்பி. அப்புறம் நீங்க வேற ஆபீஸுக்குப் போயிருவீங்க. நான் இந்த ரோட்டுலதானே மெஷினப் போட்டு உக்காரணும்? யாரு உங்கள வாயத் தொறக்கச் சொன்னா?" என்றார்.

கம்பெனி கப்பலேறிய பிறகு கோட்டு மறுபடியும் மண்டோரின் உடம்பில் இருந்தது. கழுத்தில் சிவப்பு நூல். நானாவின் தையல் அளவுகோல் வைத்ததுபோல நேராக ஓடும். இது கோணலாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. புண் ஆறாத விரல்களால் தைத்து, அவரே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அவருடைய கடை அந்தச் சாலையிலேயே நிலைத்தது.

போன வாரம் தேக்காவில் கீரைக்காரியிடம் நின்றபோது எதிர்ச்சாரியில் மண்டோர் வந்தார். முதுகு வளைந்துவிட்டது. கோட்டு திறந்து கிடந்தது. என்னைக் கண்டதும் நின்றார். கீழ்ப்பித்தானிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே மேலே வந்தார். தாடையிலிருந்து வியர்வை சொட்டியது. சிவப்பு நூலிட்ட பித்தானுக்கு வந்தபோது கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவில்லை. அது துளைக்குள் போகும்வரை நானும் நகரவில்லை.