ஆம்ப்ரோஸ் சார் எழுதிய ஏழாவது பந்து

சாந்தோமில் ஆம்ப்ரோஸ் சாருடைய நேர்மையைச் சந்தேகப்பட ஆள் கிடையாது. அவருடைய கிரிக்கெட்டைச் சந்தேகப்பட வழியே கிடையாது, ஏனென்றால் ஆயுளில் ஒரே ஒரு பந்துதான் ஆடியிருக்கிறார். அந்தப் பந்து மூக்கில் பட்டு, மூக்கிலிருந்து ஸ்டம்பில் பட்டு, ஸ்டம்பின் தலையில் இருந்த கட்டை பறந்துபோய் அம்பயரின் காப்பி லோட்டாவுக்குள் விழுந்ததாம். லோட்டா சமாசாரம் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். மூக்கு நிஜம். நாற்பத்தாறு வயதிலும் அது இடப்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மட்டையைக் கீழே வைத்தவர் பேனாவை எடுத்தார். வார நாட்களில் பங்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் சாந்தோம் பங்கு கிரிக்கெட் கிளப்பின் ஸ்கோர் புத்தகம். மட்டையால் வந்த ரன்னுக்குக் கறுப்பு மை. காலில் பட்டு ஓடி எடுத்த லெக் பைக்குச் சிவப்பு மை. பதினாலு வருஷமாக அந்தப் புத்தகத்தில் ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தம் இல்லை. எதிரணிக்காரர்களே தங்கள் ஆளை ஸ்கோர் எழுத அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள் என்றால் பாருங்களேன். தியாகராய நகர் ஜவுளிக்கடைச் சிப்பந்திகள் அணியின் கேப்டன் இசக்கிமுத்து திருநெல்வேலிக்காரர். “சார்வாள் எழுதுதாக. அப்புறம் நாங்க எதுக்கு இன்னொரு நோட்டைச் சுமக்கணும்?” என்று கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார். அந்தக் கும்பிடுக்காகவே ஆம்ப்ரோஸ் சார் சனிக்கிழமை பேனா முள்ளைக் கழுவித் துடைத்து வைப்பார்.

இந்த இரண்டு அணிக்கும் இடையில் ஒரு வழக்கம். தபசு காலத்தைத் தொடங்கிவைக்கும் விபூதிப் புதனுக்கு முந்தைய ஞாயிறு, சீசனின் கடைசி ஆட்டம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பங்கு மண்டபத்தில் விருந்து, கோப்பை. அங்கே இரண்டு கேப்டன்களும் ஸ்கோர் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழுந்துவிட்டால் அது கல்வெட்டு. யாரும் ஒரு புள்ளியை மாற்ற முடியாது. மறுநாள் காலையில் கிறிஸ்தவர்கள் நெற்றியில் சாம்பல் ஏறும். மட்டை, பந்து, தரையில் விரிக்கும் கயிற்றுப் பாய் எல்லாம் அடுத்த சீசன் வரை பெட்டிக்குள் போகும்.

“எங்களுக்குத் தினமும் விபூதிப் புதன்தான், சார்வாள். நாங்க ஆடிக்கிட்டுத்தான இருக்கோம்?” என்று இசக்கிமுத்து தன் நெற்றிப் பட்டையைத் தொட்டுக் காட்டுவார். வருஷா வருஷம் இதே வேடிக்கைதான். வருஷா வருஷம் எல்லோரும் சிரிப்பார்கள்.

நாற்பத்தேழாம் வருஷத்துக் கடைசி ஆட்டத்தில் சிரிக்க யாருக்கும் நேரமில்லை. ஜவுளிக்கடைக்காரர்கள் நூற்று நாற்பத்து மூன்று. சாந்தோமுக்கு ஒன்பது விக்கெட் போய்விட்டது, எடுத்தது நூற்று நாற்பத்திரண்டு. சமமாக முடிந்தால் கோப்பை பழையபடி வைத்திருப்பவர்களிடமே போகும். வைத்திருந்தவர்கள் பத்து வருஷமாக ஜவுளிக்கடைக்காரர்கள்தான். களத்தில் கேப்டன் ராஜநாயகம், ஆம்ப்ரோஸ் சார் மனைவி வெரோனிகாவின் அண்ணன். எதிர்முனையில் நொச்சிக்குப்பத்து வேலு. வேலு ஒருமுறை அடித்த பந்து கடலில் விழுந்து, நாலு நாள் கழித்து ஒரு வஞ்சிர மீனின் வயிற்றிலிருந்து எடுத்தார்கள். பந்தின் தையல்கூடப் பிரியவில்லை. இசக்கிமுத்து நாலு பந்து போட்டிருந்தார். ஐந்தாவது பந்தோடு ஓடி வர நின்றார்.

கோயிலில் ஆறு மணி திரிகால மணி அடித்தது.

மணி அடித்தால் பங்குக்காரர்கள் அத்தனை பேரும் இருந்த இடத்தில் நின்று ஜெபம் சொல்வார்கள். ஜவுளிக்கடைக்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசாமல் நிற்பார்கள். ராஜநாயகமும் வேலுவும் ஆடுகளத்தின் நடுவுக்கு வந்து நின்றார்கள். ஆம்ப்ரோஸ் சார் மணியின் முதல் ஓசைக்கே கண்ணை மூடிவிட்டார். ஆனால் ஒரு ரன் சமம், இரண்டு ரன் ஜெயம் என்று இருக்கிற சமயத்தில் எந்தக் கண் மூடியபடி நிற்கும்? பாதி ஜெபத்தில் வலக்கண் தானாகத் திறந்துகொண்டது. அது என்ன பார்த்தது? அம்பயர் அகஸ்டின் ஒரு முழங்காலைத் தூக்கி, அதைக் கையால் தொட்டுக்கொண்டு நிற்கிறார். இரண்டு ஆட்டக்காரர்களும் நடுவில் நிற்கிறார்கள். முழங்காலைத் தொட்டால் லெக் பை. மணி அடித்த அதே நேரத்தில் இசக்கிமுத்து பந்தைப் போட்டிருக்கிறார், காலில் பட்டிருக்கிறது, ஓடியிருக்கிறார்கள்! சிவப்பு மையால் ஒன்று எழுதினார். பலகையில் 142 தகரத்தைக் கழற்றி 143 தகரத்தை மாட்ட ஓடினார். விட்டுப்போன ஏதோ ஒரு ரன்னைச் சார் இப்போது ஏற்றுகிறார் என்று நினைத்து யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பந்து. இரண்டாவதை வேலு தட்டிவிட்டு ஒரு ரன் ஓடினான். பலகையில் 144 ஏறியது. ராஜநாயகத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டம் கோயில் வாசல் வரை போனது.

வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்து, ஆம்ப்ரோஸ் சார் புத்தகத்தை மறுபடி கூட்டிப் பார்த்தார். பெருமைக்காகக் கூட்டினார், சந்தேகத்துக்காக அல்ல. ஓவருக்கு ஆறு பந்து. இசக்கிமுத்துவின் கடைசி ஓவரில் ஏழு குறி இருந்தது.

விரலை வைத்து எண்ணினார். ஏழு. பென்சிலை வைத்து எண்ணினார். ஏழு. ‘கிழவன் அகஸ்டின் எண்ணத் தவறிவிட்டான்’ என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவில் இருந்த அகஸ்டின் வீட்டுக்குப் போனார்.

“எத்தினி பந்து போட்டான் அந்த ஓவர்ல?”

“ஆறுதான். இன்னாத்துக்கு கேக்கற?” அகஸ்டின் எழுந்துபோய்த் தன் கால்சட்டையை எடுத்துவந்து இடப் பையைக் கவிழ்த்தார். ஆறு புளியங்கொட்டைகள் உருண்டன. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கொட்டையை வலப் பையிலிருந்து இடப் பைக்கு மாற்றுகிறவர் அவர். “கொட்டை பொய் சொல்லாது.”

“மணி அடிக்கும்போது லெக் பை குடுத்தியே, அதையும் சேத்தா?”

“லெக் பையா? மணி அடிக்கும்போது அவன் கையிலதானே பந்து இருந்துச்சு? ஜெபத்துல மூணாவது வாக்கியத்துக்கு முழங்கால் மடக்கணுமா இல்லியா? என் முட்டி வாதத்துக்கு நான் கையால தூக்கித்தான்யா மடக்கணும்!”

போடாத பந்து, ஓடாத ரன். பதினாலு வருஷத்துச் சிவப்பு மையில் முதல் முறையாக ஒரு பொய். ஆட்டம் ஜெயிக்கவில்லை, நூற்று நாற்பத்து மூன்றில் சமமாக, ஒரு விக்கெட் பாக்கியோடு முடியாமல் நிற்கிறது.

“இன்னா, மூஞ்சி வெளுத்துப் போச்சு?” என்றார் அகஸ்டின். “ஒண்ணுமில்ல, புழுக்கம்” என்று சொல்லிவிட்டு ஆம்ப்ரோஸ் சார் வெளியே வந்தார். கடற்காற்று சில்லென்று அடித்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் ஆறேழு நாற்பத்தொன்பது என்று எழுதினார். நாற்பது பிள்ளைகளும் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். சார் போட்டால் சரியாகத்தானே இருக்கும். அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். சொன்னால் என்ன ஆகும்? கோப்பை போகும், ராஜநாயகம் கழுத்தைப் பிடிப்பான், சாந்தோம் முழுக்கக் கைகொட்டிச் சிரிக்கும். சொல்லாவிட்டால்? நாளைச் சாயங்காலம் இசக்கிமுத்து வந்து ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். படிக்கமாட்டார் என்பதுதான் தாங்க முடியவில்லை.

வெரோனிகா தட்டில் போட்ட சோறு ஆறிப்போயிருந்தது. “யாராவது செத்துட்டாங்களா?” என்று கேட்டாள். “கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. இல்ல, நீங்க எவளையாவது பாத்துட்டீங்களா?”

“அகஸ்டின் முட்டியைப் பாத்தேன்” என்றார் அவர். அவள் மிளகு ரசம் வைக்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் மண்டபத்தில் ராஜநாயகம் புளியும் சாம்பலும் போட்டுக் கோப்பையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர்கள் முந்தின நாளே கோப்பையைக் கண்ணியமாக ஒப்படைத்துவிட்டார்கள்.

“மச்சான், ஒரு சின்ன சந்தேகம்...”

“சந்தேகமெல்லாம் அப்புறம். இதுல உன் மூஞ்சி தெரியுதா பாரு.”

ஆம்ப்ரோஸ் சார் குனிந்தார். கோப்பையின் வளைவில் மூக்கு காது வரைக்கும் போயிருந்தது.

“பத்து வருஷம், மச்சான். எங்கப்பா இதைக் கையில புடிக்காமயே போனாரு. நாளைக்கு நான் புடிச்சுட்டேன்னா, அதோட கேப்டன் வேலைய விட்டுடுவேன்.” ராஜநாயகம் கோப்பையைக் கீழே வைத்தார். “இன்னா சந்தேகம்?”

“ஒண்ணுமில்ல. விருந்துல பாயாசம் உண்டான்னு.”

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டார். லஸ் முனையில் பஸ் ஏறித் தியாகராய நகரில் இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. புத்தகத்தை மஞ்சள் பைக்குள் வைத்து, பையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். கடை வாசலை மூன்று முறை தாண்டிப் போனார். நாலாவது முறை இசக்கிமுத்துவே பார்த்துவிட்டார்.

“அடடே, சார்வாள்! வாங்க, வாங்க. அம்மாவுக்குச் சேலையா?” உட்காரவைத்து, வேண்டாம் என்று சொல்வதற்குள் மடியில் ஐந்து சேலை விரித்துவிட்டார். “இந்தப் பச்சையப் பாருங்க. கிளி உட்காந்த மாதிரி.”

“இசக்கிமுத்து, நீங்க அந்தப் பந்தைப் போடல.”

“எந்தப் பந்தை?”

ஆம்ப்ரோஸ் சார் சேலைகளுக்கு மேலேயே புத்தகத்தைத் திறந்து, சிவப்பு ஒன்றின் மேல் விரலை வைத்தார். மணியைச் சொன்னார், முட்டியைச் சொன்னார், ஆறு புளியங்கொட்டையைச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை.

இசக்கிமுத்து சேலைகளை ஒவ்வொன்றாக மடித்தார். முகத்தில் கும்பிடு இல்லை.

“ஞாயித்துக்கிழம எங்க பயலுவ ஒருத்தனும் சோத்துல கை வைக்கல. தோத்தா தோத்ததுதான், சார்வாள் புஸ்தகத்துல ஏறிட்டுல்லா, அப்படின்னு நாந்தான் அதட்டிச் சாப்பிட வச்சேன்.” மடித்த சேலைகளை ஓரமாக நகர்த்தினார். “உங்க பேரைச் சொல்லி அதட்டினேன்.”

ஆம்ப்ரோஸ் சார் புத்தகத்தை மூடினார். “இனிமே நீங்களும் ஒரு ஆளை எழுத அனுப்புங்க” என்று எப்படியோ சொல்லி முடித்தார்.

“அனுப்பத்தான் போறேன்.” இசக்கிமுத்து எழுந்தார். “அப்போ மேட்ச் இன்னும் முடியலல்லா? நாளைக்கு உங்களுக்கு விபூதி. இன்னைக்கே முடிக்கணும். அடுத்த ஓவர் எதிர்முனையிலருந்து எங்க கணேசமூர்த்தி போடணும். மொதலாளிகிட்ட கேட்டுக்கிட்டு அஞ்சு மணிக்கு வாரோம். ராஜநாயகத்துக்கு நீங்க சொல்லிருங்க.”

ஆம்ப்ரோஸ் சார் சொல்லவில்லை. சொல்லத்தான் போனார், மண்டப வாசலில் கால் நின்றுவிட்டது. ஐந்து மணிக்கு ஜவுளிக்கடைக்காரர்கள் வெள்ளை உடுப்பில், பந்தும் கையுமாக இறங்கிய பிறகுதான் ராஜநாயகம் வெளியே வந்தார். மல் வேட்டி, அத்தர், மீசையில் மெழுகு.

“விருந்துக்கு வந்தவங்க எதுக்கு உடுப்பு மாட்டிக்கினு நிக்கறாங்க?”

பங்கு முழுக்கச் சுற்றி நிற்கையில் ஆம்ப்ரோஸ் சார் இரண்டாம் முறையாக அந்தக் கதையைச் சொன்னார். முட்டி வந்த இடத்தில் யாரோ சிரித்தார்கள். ராஜநாயகம் சிரிக்கவில்லை.

“நீ ஜெபம் பண்ணியா, வேடிக்கை பாத்தியா?”

“ரெண்டும்.”

“நேத்து பாயாசம்னு கேட்டியேடா, பாவி!”

“சண்டை அப்பால போடுங்க, நைனா. வெளிச்சம் போவுது” என்றான் வேலு. மட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். ராஜநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேட் கட்டாமலே எதிர்முனைக்குப் போனார். பாயை விரித்தார்கள். ஆம்ப்ரோஸ் சார் தன் மேசையில் உட்கார்ந்து சிவப்பு ஒன்றின் மேல் ஒரு கோடு இழுத்தார். பதினாலு வருஷத்தில் முதல் அடித்தல். கோடு கோணலாகப் போயிற்று. பக்கத்தில் கடைக்காரர் ஒருவர் கடையின் ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் தானும் எழுத உட்கார்ந்தார்.

கணேசமூர்த்தியின் முதல் பந்தை வேலு விட்டுவிட்டான். இரண்டாவதை, மறுபடி வஞ்சிர மீனுக்கே அனுப்புகிற வேகத்தில் மட்டையைச் சுழற்றினான். மட்டை சுழன்றது. பந்து நேராகப் போய் நடு ஸ்டம்பைப் பிடுங்கியது.

“இன்னா வேலு, மீன் பிடிக்கறியா?” என்று யாரோ கத்தினார்கள். வேலு மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “நான் இன்னா பண்ணட்டும், பந்து தாழ வந்துச்சு” என்று முணுமுணுத்தபடி வந்தான்.

சமம். கோப்பை பளபளவென்று தியாகராய நகருக்கே திரும்பப் போயிற்று. விருந்து மேசையில் இசக்கிமுத்து புத்தகத்தை வாங்கினார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரலை ஓட்டி, இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். ராஜநாயகம் போட்ட கையெழுத்தில் தாள் கிழிந்தது.

“தபசு காலம் நாப்பது நாளும் உங்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்” என்றார் பேனாவைத் திருப்பிக் கொடுத்தபடி.

ஆம்ப்ரோஸ் சார் அதை வாங்கிக்கொண்டு நகரப் பார்த்தார். ஆனால் கணக்கு வாத்தியார் கணக்கு வாத்தியார்தானே. “ஞாயிற்றுக்கிழமையச் சேத்தா, சேக்காமலா, மச்சான்? சேத்தா நாப்பத்தாறு நாள் வருது.”

ராஜநாயகம் பல்லைக் கடித்தார். “சேக்காமதான்!”

அப்படித்தான் நடந்தது. புதன், வியாழன், வெள்ளி, சனி நாலு நாளும் எதிரே வந்தால் ராஜநாயகம் சாக்கடையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனார். ஞாயிறன்று பூசை முடிந்ததும் தங்கை வீட்டுக்குள் நுழைந்து, மணையில் உட்கார்ந்து, நெத்திலிக் குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு ஆம்ப்ரோஸ் சாரைப் பார்த்தார்.

“அந்த வேலு பயல ஏண்டா கடைசில எறக்கினோம்?” என்று தொடங்கியவர், வெயில் தாழும்வரை பேசிக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை மறுபடி எதிர்ப்பக்கம் போனார்.