தோட்டாப் பெட்டிக்கு ரப்பர் மாற்றிய நாட்கள்

ஐடி வேலை போன பிறகு மச்சினன் கடையில் உட்கார ஆரம்பித்தேன். லிங்கராஜபுரத்தில் பஸ் போகும் தெருவில் இருந்தது கடை. ராணுவத்திலிருந்து ஏலத்தில் வரும் பழைய தோட்டாப் பெட்டிகளை வாங்கிச் சரிசெய்து விற்பான். பைக்கில் தூரப் பயணம் போகிறவர்களும் கேமராக்காரர்களும் வாங்குவார்கள். உள்ளே தண்ணீர் இறங்காது என்பதுதான் அந்த இரும்புப் பெட்டியின் மதிப்பு. அதற்கு மூடியின் உட்பக்கம் சுற்றி ஓடும் ரப்பர் நன்றாக இருக்க வேண்டும். வருகிற பெட்டிகளில் அது காய்ந்து வெடித்திருக்கும்.

அதைப் பெயர்த்தெடுத்து, பழைய பசையைச் சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்து, புது ரப்பரை ஒட்டுவது என் வேலை. யாராவது டக் இன் செய்து, கழுத்தில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு கடைக்கு வந்தால், பெட்டி அடுக்குக்குப் பின்னால் போய்விடுவேன்.

ஒரு மதியம் அப்படிப் போக நேரம் கிடைக்கவில்லை. நான் இன்டர்வியூ செய்து என் டீமில் சேர்த்த பெண் எதிரில் நின்றாள். தம்பிக்குப் பெட்டி வாங்க வந்திருந்தாள். விரல் இடுக்கெல்லாம் எனக்குக் கறுப்புப் பசை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ரப்பரைப் பற்றியே நெடுநேரம் பேசினேன். கிளம்பும்போது, "ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லாதம்மா" என்றேன். தலையாட்டினாள்.

அந்தச் சனிக்கிழமை பழைய டீமிலிருந்து மூன்று பேர், தற்செயலாக வந்தவர்கள் போல வந்தார்கள். என் வேலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பைக்கே இல்லாத ஒருவன் இரண்டு பெட்டி எடுத்தான். எதற்கு என்று கேட்டேன்.

"பால்கனில செடி வைக்கலாம்னு சார்."

"செடிக்கு ரப்பர் எதுக்குப்பா?"

அவன் முகம் சிவந்துவிட்டது. "இருக்கட்டும் சார். மாத்தியே குடுங்க."

உங்கள் ஆட்களை அடிக்கடி வரச் சொல்லுங்கள் மாமா என்று மச்சினனுக்கு ஒரே சந்தோஷம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, ஏன் சொன்னாய் என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் மொதல்லயே தெரியும் சார். ஒருத்தர் கடைக்கு வந்தப்ப நீங்க பின்னாடி போய் நின்னத பாத்துட்டாரு. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் யாரும் அந்தப் பக்கமே வரல. தம்பிக்காக நான் வந்தப்ப நீங்க நல்லா பேசினீங்கன்னு மட்டும்தான் சொன்னேன்."

சரிம்மா என்று போனை வைத்தேன். இரும்பு அடுக்குக்குப் பின்னால் மூச்சடக்கி நின்ற என்னை ஒருவர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, பார்க்காததுபோலத் திரும்பிப் போயிருக்கிறார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

காய்ச்சல் என்று சொல்லி இரண்டு நாள் வீட்டிலேயே படுத்திருந்தேன். பிறகு மச்சினன் வந்து, வேலை தேங்கிவிட்டது என்று கூட்டிப்போனான். வேறு வேலை கிடைக்கும்வரை தெருவைப் பார்த்து உட்கார்ந்தே ரப்பர் ஒட்டினேன். வாசலில் வண்டி நிற்கும் போதெல்லாம் காது சுடும். தலை நிமிராமலே "வாங்க" என்பேன்.