குழாய் போகும் நிலம்

நோர்வேயில், எல்லிங்ஸ்ருட்டில் புதிதாக மனை பிரித்துக் கட்டிய வீடுகளில் கடைசி வீட்டை நாங்கள் வாங்கியதற்கு ஒரே காரணம் பக்கத்து நிலம். மற்ற வீடுகளில் நாலு பூச்சட்டி வைக்கத்தான் இடம். இதற்கு மட்டும் பக்கவாட்டில் நீளமாய் ஒரு புல்தரை. பார்க்க வந்த நோர்வேக்காரர் எல்லாரும் இதை விட்டுவிட்டு நடு வீடுகளுக்குப் போட்டிபோட்டு அடிபட்டார்கள்.

"இஞ்சேருங்கோ, இவ்வளவு வளவைக் கண்டும் விட்டிட்டுப் போகுதுகள், விசர்ச் சனம்," என்றாள் என் மனைவி. யாழ்ப்பாணத்தான் காணித் துண்டைக் கண்டால் வேறெதையும் பார்ப்பானா? முழுக் குடியிருப்புக்குமான தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் அந்த நிலத்துக்கு அடியால் போகின்றன, மேலே எதுவும் கட்டக்கூடாது என்று விற்றவர் சொன்னார். தலையாட்டினோம். கட்டுகிற யோசனை அப்போது யாருக்கு இருந்தது?

பிறகு அவளுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. எங்கள் படுக்கையறையும் குளியலறையும் மேலே, படியோ ஒடுக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பராமரிப்பு இல்லத்துக்குப் போனாள். "கொஞ்ச நாளைக்குத்தான். பக்கத்திலை ஒரு அறை கட்டினவுடனை கூட்டிக்கொண்டு போறன்," என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

நகரசபையான கொம்யூன் அறைக்கு அனுமதி மறுத்தது. இங்கு பிறந்த மகளையும் இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் நோர்வேஜிய மொழியில் சொன்னது எனக்கு விளங்காமலில்லை. ஆனாலும் மகளின் முகத்தைப் பார்த்தேன்.

"அப்பா, குழாய் வெடிச்சால் உடனை கிண்ட வேணும். மேலை அறை இருந்தால் எல்லா வீட்டுக்கும் தண்ணி நிண்டுபோகும். விடமாட்டினமாம்."

"வெடிக்கேக்கை பாப்பம். இப்ப கொம்மா எங்கை படுக்கிறது?" என்று மகள்மேல்தான் பாய்ந்தேன். பாவம், அவள் அழுதுவிட்டாள். சட்டத்தில் பிழை ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

வீட்டை விற்று மின்தூக்கி உள்ள அடுக்குமாடிக்கு மாறுவோம் என்றாள் மகள். விளம்பரம் போட்டோம். வந்தவர்கள் புல்தரையைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. போகும்போதெல்லாம், "அறை எந்தளவிலை நிக்குது?" என்று கேட்பாள். சுவர் எழும்பிவிட்டது என்றேன். கூரை போட்டாயிற்று என்றேன். "சன்னலை ரோட்டுப் பக்கம் வையுங்கோ, போறவாறவையைப் பாத்துக்கொண்டு படுக்கலாம்," என்றாள். வைத்தாயிற்று என்றேன். வேறு பொய் கிடைக்காமல், உள்பூச்சு இன்னும் காயவில்லை என்றும் சொன்னேன்.

ஒரு பின்னேரம் நல்ல கையால் என் சட்டையைப் பிடித்தாள். "காயாட்டிலும் பரவாயில்லை. கொண்டுபோய்க் கிடத்துங்கோ. என்ரை வீட்டிலை கிடந்தால் போதும்."

நாளைக்கு என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். ஒரு கிழமை போகவில்லை, அவள் போய்விட்டாள். இல்லாத அறைக்குப் பூச்சுக் காயட்டும் என்று காத்திருந்தே என் மனைவி செத்துப்போனாள்.