கரவனை ஏன் விற்கிறீர்கள்?

கரவன் விற்றாயிற்று.

கொஞ்சக் காலம் இந்தப் பத்தியில் என்னைக் காணவில்லை என்று சிலர் கேட்டார்கள். கப்பலேறிச் சவுத் ஐலண்ட் போயிருந்தோம். நானும் மனைவியும். காருக்குப் பின்னால் ஒரு பழைய கரவன். சமைக்கலாம், இரண்டு பேர் படுக்கலாம். சக்கரம் பூட்டிய வீடு. அதை இழுத்துக்கொண்டு மேலிருந்து கீழே... பிறகு கீழிருந்து மேலே.

"படமெல்லாம் எங்க?" என்கிறார்கள்.

படம் இருக்கிறது. மலை இருக்கிறது, ஏரி இருக்கிறது. ஆட்கள் இல்லை. "வாரும், சேர்ந்து நிப்பம்" என்று ஒருவர் சொன்னால்தானே இரண்டு பேரும் ஒரு படத்தில் நிற்கலாம்?

எங்களுக்குள் சண்டை இல்லை. சண்டை பிடிக்கவும் வாயைத் திறக்க வேண்டும். நான் பஸ் ஓட்டுகிறவன். விடியும் முன்னே போவேன். வருவேன், சாப்பிடுவேன், படுப்பேன். மகள் இருந்தவரை வீட்டில் சத்தம் இருந்தது. அவள் கலியாணம் முடித்து சிட்னிக்குப் போன பிறகு அதுவும் இல்லை.

எங்கள் ஆட்கள் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. நான் "இஞ்சேரும்" என்பேன். அவள் "இஞ்சேருங்கோ" என்பாள். அதுவும் நின்றுவிட்டது. எப்போது? தெரியாது.

பிறகு எல்லாம் மகள் வழியாகத்தான். மனைவி போனில் மகளோடு கதைப்பாள். எனக்குக் கேட்கிற மாதிரி.

"அப்பாவின்ர சேட்டு அயர்ன் பண்ணிக் கிடக்கு, பிள்ளை."

சிட்னியில் இருக்கிற பிள்ளைக்கு என் சேட்டு எதற்கு? செய்தி எனக்கு. நான் எழும்பிப் போய் எடுப்பேன்.

பயணமும் அப்படித்தான் வந்தது. "வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் ரெண்டு சுவர் மாதிரி. ஒருக்கா வெளியில போய்ப் பாத்தா என்ன, பிள்ளை?"

நான் கரவன் தேடினேன். லீவு எடுத்தேன். போனோம்.

ரயர், காஸ் போத்தல், காரோடு கொளுவுவது... வெளி வேலை எனக்கு. சமையல், படுக்கை... உள் வேலை அவளுக்கு. வழியில் கதைத்த ஒரே ஆள் போனில் பாதை சொல்லும் பெண்தான். சிக்னல் இல்லாத இடத்தில் அவளும் வாயை மூடிவிட்டாள்.

ஓர் ஏரிக்கரையில் மனைவி ஜன்னலால் தேத்தண்ணி நீட்டினாள். வாங்கினேன். நல்ல தேத்தண்ணி. சொல்லவில்லை.

திரும்பி வரும் கப்பலில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. மனைவி மகளுக்குப் போன் எடுத்தாள்.

"நானும் பாத்திட்டன், பிள்ளை. ஒண்டும் மாறேல்லை. கரவனை வித்துப்போட்டு அங்க வாறன். சனத்துக்கு உன்ர குழந்தையைப் பாக்க எண்டு சொல்லுவம். இனித் திரும்பி வாறதா இல்லை."

என் கையில் கோப்பி. குடித்து முடித்தேன்.

அதை ஏன் இங்கே எழுதுகிறேன்? "குழந்தையைப் பாக்கப் போயிட்டா" என்று கோயிலில் ஒருவருக்குச் சொன்னேன். அடுத்தவர் கேட்டபோது சொல்ல வரவில்லை. ஆகவே எழுதிவிடுகிறேன்.

கரவன் இருக்கும்வரை அவள் இருப்பாள். விற்றால் போய்விடுவாள். அப்படியென்றால் விற்கக் கூடாது. எனக்கு விளங்கியது அவ்வளவுதான்.

மவுண்ட் வெல்லிங்டனில் எங்கள் வீட்டு முன்னால் அதை நிறுத்தினேன். விளம்பரம் மனைவி போட்டாள். முதலில் வெஸ்ட்கேட்டில் இருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். நான் நேரே கூரையைக் காட்டினேன். "மழைக்கு ஒழுகியது" என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வந்தவருக்கும் கூரைதான்.

பொய் இல்லை. பயணத்தில் வெஸ்ட் கோஸ்ட் மழைக்கு ஒழுகியது. மழை விட்டதும் நானே ஏறிச் சிலிக்கோன் பூசினேன். பிறகு ஒழுகவில்லை. அதை மட்டும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் குசினியில் சமைத்தபடி மகளோடு போன் கதை.

"ஒழுகினதைச் சொல்லுறார். பூசினதைச் சொல்லுறாரில்லை. ஏனெண்டு விளங்குதோ, பிள்ளை?"

ஆக, அவளுக்கு விளங்கியிருந்தது. அப்போதாவது குசினிக்குள் போயிருக்கலாம். நான் கார் கழுவப் போனேன்.

சனிக்கிழமை புக்கெகோஹியில் இருந்து சேகர் என்ற தம்பி வந்தார். மலேசியத் தமிழர். கூடவே மனைவி ஷாந்தி. இறங்கும்போதே வாக்குவாதம்.

"நான் சொன்னேன்ல, அந்த ரோட்டுல திரும்பணும்னு!"

"நீ தூங்கிட்டு இருந்த லா!"

"கண்ண மூடியிருந்தேன். தூங்கல!"

எனக்குப் பொறாமையாக இருந்தது.

சேகர் உள்ளே ஏறிச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "ஒழுகுமா அங்கிள்?"

நான் வாயைத் திறக்க முன்னம் மனைவி படியில் வந்து நின்றாள். "ஒழுகினது, தம்பி. இவர் ஏறிப் பூசினவர். இப்ப ஒரு சொட்டும் இல்லை."

"அப்படியா அங்கிள்?"

"ஓம்."

"காஸ் எப்படி மாத்துறது ஆண்டி?"

"அது இவரைக் கேளுங்கோ."

"அடுப்பு?"

"அது அவவைக் கேளும்" என்றேன்.

சேகரின் தலை இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஷாந்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்ன ஆண்டி, எங்கள நடுவுல வெச்சே ரெண்டு பேரும் பேசிக்கிறீங்க?"

மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒரே விஷயத்துக்கு இரண்டு பேரும் சிரித்து எவ்வளவு காலம்?

அப்போதுதான் சேகர் கேட்டார். "இவ்ளோ நல்லா வெச்சிருக்கீங்க. ஏன் விக்கிறீங்க?"

மனைவி திரும்பினாள். சேகரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இவர் சொல்லுவார்" என்றாள்.

வாசகர்களே, கேள்வி சேகருடையது. காத்துக்கொண்டு நின்றது அவள். 'விற்கவில்லை' என்று ஒரு சொல் போதும். அதுகூட வேண்டாம்... தலையை ஆட்டியிருந்தாலே போதும்.

"பார்க் பண்ண இடம் காணாது, தம்பி."

அவள் திறப்பு எடுக்க வீட்டுக்குள் போனாள்.

விலை பேசி முடித்துத் திறப்பை நீட்டியபோது ஷாந்தி வாங்கவில்லை. "சாவிய ரெண்டு பேரும் சேர்ந்து குடுங்க ஆண்டி. உங்கள மாதிரி நாங்களும் கடைசி வரைக்கும் ஒண்ணா ஊர் சுத்தணும்." புருஷன் பெண்சாதி சேர்ந்து கொடுத்தால் ராசி என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. மறுக்க முடியுமா? திறப்பின் ஒரு பக்கம் அவள் விரல். மறு பக்கம் என் விரல்.

"அங்கிள், கொஞ்சம் சிரிங்க லா!" சேகர் போனில் படம் எடுத்தார்.

புதன்கிழமை அவளை ஏர்போர்ட்டுக்கு ஏற்றிப் போனேன். பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். நடுவில் ஓர் ஆள் இருந்தால் நாங்கள் எதையும் கதைப்போம். அங்கே நடுவில் ஆள் இல்லை. ஆகவே கதையும் இல்லை.

போன ஞாயிறு மத்தியானம் சேகர் போன் எடுத்தார். எங்கோ கடற்கரையில் நிற்கிறார்களாம்.

"அங்கிள், மேசைய மடிச்சா கட்டிலாகும்னு ஆண்டி சொன்னாங்க. ஒரு கால் மடங்கவே மாட்டேங்குது."

பின்னால் ஷாந்தியின் குரல். "இழுக்காதீங்க, உடைச்சிடுவீங்க!"

உள் வேலை. எனக்குத் தெரியாது. "பொறும், கேட்டுச் சொல்லுறன்."

சிட்னிக்கு எடுத்தேன். அவள் போன பிறகு முதல் தரம்.

"சேகர் கேக்கிறார், அந்த மேசைக் கால்..." என்றேன்.

"இடப்பக்கத்துக் காலை முதல்ல கொஞ்சம் தூக்கோணும். பிறகு மடிக்கோணும். இழுத்தா வராது."

"சரி."

குழந்தை சிணுங்குவது கேட்டது.

"வேற?" என்றாள். மகளிடம் அல்ல. என்னிடம்.

"வேற ஒண்டுமில்லை."

வைத்துவிட்டாள்.

சேகர் இந்தப் பத்தியை வாசிக்கிறவர். தம்பி, அந்தக் கரவனில் இன்னும் ஏதாவது விளங்காவிட்டால்... தயவுசெய்து கேளும்.