நாலே முக்கால் பஸ்ஸுக்காக விட்ட பாடம்

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதம். பத்தாவது முடித்த என் மகளை பிளஸ் ஒன்னில் சேர்க்க, எங்கள் ஊர் கூக்காலிலிருந்து வெள்ளனே கிளம்பி கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அம்மாவும் மகளுமாகப் போயிருந்தோம். அப்ளிகேஷனை நிரப்பியது நான்தான். எங்கள் வீட்டில் பத்தாவது பாஸ் செய்த முதல் ஆள் நான் என்பதால், எழுத்து வேலை எல்லாம் என் கைக்குத்தான் வரும். அந்தப் பெருமையும் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

நாங்கள் பூண்டும் கேரட்டும் போடுகிறவர்கள். கூடவே பத்துப் பன்னிரண்டு ஆடுகள். மகளுக்கு அந்த ஆடுகள் என்றால் உயிர். ஏழாவது படிக்கும்போதே, கால் ஒடிந்த குட்டிக்கு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி நடக்க வைத்தாள். மன்னவனூர் ஆட்டுப் பண்ணைப் பக்கம் கூட்டிப்போனால் திரும்ப இழுத்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மாட்டு டாக்டருக்குத்தான் படிப்பேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். எனக்கும் அந்த ஆசை இருந்தது.

ஆபீஸில் இருந்த டீச்சர், எந்த குரூப் என்று கேட்டார். மகள் பயாலஜி என்றாள். நான் குறுக்கே புகுந்து, "எத்தனை மணிக்குங்க விடுவீங்க?" என்றேன். பயாலஜி குரூப்புக்கு மட்டும் சாயங்காலம் ஐந்தரை வரை தனி வகுப்பு உண்டாம். எங்கள் ஊர்ப் பக்கம் நாலே முக்காலுக்கு ஒரு பஸ். அதை விட்டால் ஏதாவது ஜீப்பில் தொற்றிக்கொண்டுதான் வர வேண்டும். வழியெல்லாம் மூடுபனி, காட்டுமாடு. வயசுப் பிள்ளை வேறு.

கம்ப்யூட்டர் குரூப் நாலு மணிக்கே விட்டுவிடும் என்றார். கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி இரண்டிலும் உண்டு. பயாலஜிக்குப் பதில் கம்ப்யூட்டர். ஒரே ஒரு பாடம்தானே வித்தியாசம், இதற்குப் போய் யோசிப்பார்களா! மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "ஒனக்கு ஒன்னும் தெரியாது, சும்மா கெட" என்று அடக்கினேன். டீச்சரும் விடவில்லை. "யோசிச்சுக்கங்க, ஒரு வாரத்துக்குள்ள மாத்திக்கலாம்" என்றார். நல்ல மார்க் எடுத்தால் எதையும் படிக்கலாம் என்று அவருக்கே பாடம் நடத்திவிட்டு வந்தேன். அந்த ஒரு வாரமும் பூண்டு பிடுங்குகிற சோலியில் போய்விட்டது.

இதில் கொடுமையைக் கேளுங்கள். பிளஸ் டூவில் எல்லா குரூப்புக்குமே சாயங்கால வகுப்பு வைத்துவிட்டார்கள். வருடம் முழுக்க, கேரட் இறக்கிவிட்டுத் திரும்புகிற எங்கள் ஊர் ஜீப்பில்தான் வந்தாள். ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்தாள்.

ரிசல்ட் வந்தது. அருமையான மார்க். ஊருக்கே மிட்டாய் கொடுத்து, இனி நம்ம வீட்டில் ஒரு டாக்டர் என்று பீற்றிக்கொண்டேன். கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பம் போட, கொடைக்கானல் பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் பாயிடம் மகளைக் கூட்டிப்போனேன். மார்க் ஷீட்டைப் பார்த்தவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அக்கா, இதுல பயாலஜி மார்க் கேக்குதுங்க. பாப்பாவுக்கு அந்தப் பாடமே இல்லையே."

"அந்த எடத்துல கம்ப்யூட்டர் மார்க்கப் போட்டு விடுங்க பாய். அதுலதான் எல்லாத்தையும் விட ஜாஸ்தி" என்றேன், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

பாய் சிரிக்க ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அப்படிப் போட முடியாதுக்கா" என்றார் மெதுவாக. மகள் மார்க் ஷீட்டை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

வெளியே வந்ததும் அவளிடம் பாய்ந்தேன். "ஏண்டி, ஒனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா. அன்னைக்கு ஆபீஸ்ல அதத்தான் சொல்ல வந்தேன். நீதான் சும்மா கெடன்னுட்ட. அந்த ஒரு வாரம் தாண்டுனப்புறம் சொல்லி என்ன ஆகப்போவுதுன்னு விட்டுட்டேன். இப்ப ஊரெல்லாம் மிட்டாய் குடுத்துட்டு நின்ன, எப்படிம்மா சொல்லுவேன்?"

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. நடுபஜாரில் நின்று அழுதேன். அவள்தான் என் கையைப் பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டி வந்தாள்.

இப்போது திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். நன்றாகத்தான் படிக்கிறாள். ஆனால் லீவுக்கு வந்தால் பையைப் போட்டதும் ஆட்டுக் கொட்டகைக்குத்தான் ஓடுவாள். போன மாதம் ஓர் ஆடு வயிறு உப்பிக் கிடந்தபோது, ஒரு பெண் டாக்டர் வந்தார். மகளைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவராக இருப்பார். இவள் ஆட்டைப் பிடித்திருந்த பக்குவத்தையும் கேட்ட கேள்விகளையும் பார்த்து, "நீயும் வெட்னரியா படிக்கிற?" என்று கேட்டார். "இல்லக்கா, கம்ப்யூட்டர்" என்று சிரித்தாள் என் மகள். வெந்நீர்ச் சொம்போடு பக்கத்தில் நின்ற எனக்குத் தலை நிமிரவில்லை.

நாலே முக்கால் பஸ் இன்றும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகிறது. பஸ்ஸுக்கு நேரம் பார்த்த நான், வாயெடுத்த பிள்ளை சொல்ல வந்ததை ஒரு நிமிஷம் நின்று கேட்கவில்லையே என்ற வேதனை, அதன் ஹாரன் கேட்கும்போதெல்லாம் திரும்ப வந்துவிடுகிறது.